தர்மிளா அக்காவின் அளவு

11 ஏப்ரல், வெள்ளி

இன்று தவணை விடுமுறை தொடங்கியது. பள்ளி நூலகத்தில் மூன்று புத்தகங்கள் எடுத்து வந்தேன். ஒன்றையும் விரிக்க முடியவில்லை. வருசப் பிறப்புக்கு எங்கள் முரசுமோட்டைப் பெண்கள் எல்லாரும் அம்மாவிடம்தான் சட்டை தைக்கிறார்கள் போல. இருபத்தேழு சட்டைக்குக் கொளுக்கி வைத்தேன்.

பின்னேரம் அன்னபாக்கியம் மாமி வந்தா. சட்டையை வாங்கிய பிறகும் போகவில்லை.

"உந்தத் தர்மிளாவும் உன்னட்டயோ தைக்கிறவள், கமலாசனி? அவள் ரவுணில என்ன வேலை செய்யிறாள் எண்டு தெரியாதே? குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு."

அம்மா வாயில் இருந்த குண்டூசியை எடுக்காமலே சொன்னா: "எனக்கு அவளின்ர அளவு மட்டும்தான் தெரியும் மாமி."

மாமி போன பிறகு, என்ன வேலை என்று கேட்டேன். "கொளுக்கியை வை" என்றா.

எனக்குத் தெரியும். பதினேழு வயதில் தெரியாமல் இருக்குமா? ஆண்களிடம் போய்ப் பிழைக்கிறா. தெரிந்ததை வைத்துக்கொண்டு அவாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் தெரியவில்லை.

15 ஏப்ரல்

வருசப் பிறப்பு முடிந்தது. அம்மா பகல் முழுக்க நித்திரை.

16 ஏப்ரல், புதன்

அம்மாவின் அளவுக் கொப்பி மழை ஒழுக்கில் நனைந்து, தாள்கள் ஒட்டிக் கிடக்கிறது. புதிய கொப்பியில், அகர வரிசையில், சிவப்புக் கோடு அடித்து எழுதிக் கொடுக்கப் போகிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

நாளை வியாழன். மூன்று மணிக்குத் தர்மிளா அக்கா தொலைபேசியில் அழைப்பா. எல்லா வியாழனும் இப்படித்தான். அம்மா மெசினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பா. "சட்டை அளவாய் இருக்கு அக்கா" என்று குரல் கேட்கும். அம்மா மூச்சு விட்டுவிட்டு மறுபடி மிதிப்பா. ஒரு சட்டைக்காக இவ்வளவு பதற்றமா? அம்மாவுக்குத் தொழிலில் அத்தனை கவனம்.

17 ஏப்ரல், வியாழன், மதியம்

முடித்துவிட்டேன்!

காலையில் தர்மிளா அக்கா வந்து ஐந்து நிமிடம் நின்றா. அம்மா ஏதோ எழுதிக்கொண்டா. பிறகு நூல் வாங்கப் பரந்தனுக்கு பஸ் ஏறினா. அந்த இடைவெளியில் மிச்சத்தை எழுதினேன்.

தர்மிளா அக்காவின் பக்கம்தான் ஒரே பிழை. ஒவ்வொரு வியாழனும் வேறு வேறு அளவு. இன்றைக்குக் கை 83 அங்குலமாம்! மனிசரோ, பனைமரமோ? கழுத்து இறக்கம் 06 ஆம். 8¼, 6 என்று திருத்திவிட்டேன். பழைய வியாழன்களை எல்லாம் விட்டுவிட்டேன். ஒரு ஆளுக்கு ஒரு அளவுதானே இருக்க முடியும். தர்க்கம் படிப்பிக்கிற அளவையியல் ரீச்சர் பார்த்தால் சந்தோசப்படுவா.

பழைய கொப்பியைக் கதிர்காமநாதன் அண்ணையின் கச்சான் கடலைக் கடைக்குச் சுருள் சுற்றக் கொடுத்தேன். ஒரு சுருள் கச்சான் தந்தார்.

18 ஏப்ரல், வெள்ளி

நேற்று நடந்ததை எழுத வேண்டும். எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

இரண்டரைக்கு அம்மா வந்தா. புதிய கொப்பியைக் கொடுத்தேன். கன்னத்தைக் கிள்ளி, "வடிவாய் இருக்கு பிள்ளை" என்று சொல்லி மெசின் மேல் வைத்தா.

மூன்று மணி. மெசின் நின்றது. மூன்று பத்து. அம்மா தானே அழைப்பு எடுத்துப் பார்த்தா. அந்தப் பக்கம் தொலைபேசி வேலை செய்யவில்லை. மூன்று இருபதுக்குப் புதிய கொப்பியைத் திறந்து தர்மிளா அக்காவின் பக்கத்தைத் தேடினா.

"இதென்ன? பழசு எங்க?"

"கச்சான் கடைக்குக் குடுத்திட்டன் அம்மா. அதில எல்லாம் பிழையாய்க் கிடந்தது, நான் —"

"பிழையில்லையடி! அது வான் நம்பர்!"

அம்மா என்னை ஒரு நாளும் 'டி' போட்டதில்லை.

கிளிநொச்சியில் ஒரு பெண்கள் நிலையம் இருக்கிறதாம். தர்மிளா அக்கா போன்றவர்களுக்கு அங்கே கிளினிக்குக்குத் துணையாய்ப் போக ஆள் உண்டு, சட்டத்தரணி உண்டு. அங்கே வேலை செய்கிற நாகேஸ்வரி அக்கா சொல்லிக்கொடுத்த முறை இது: வாகன நம்பரை முன்கூட்டியே சொல்லாதவனோடு போகக்கூடாது. அந்த நம்பரும் திரும்பும் நேரமும் நம்பிக்கையான ஒரு ஆளிடம் இருக்க வேண்டும். தையல் வீட்டுக்கு ஒரு பெண் வந்து போனால் ஏன் என்று எவரும் கேட்பதில்லை. ஆகவே அம்மா. ஆகவே கை, கழுத்து என்று இரண்டாய்ப் பிரித்த நம்பர். நேரம் தப்பினால் அம்மா நிலையத்துக்குச் சொல்வா. தர்மிளா அக்காவின் சொந்தக்காரர் தனியே பொலிசுக்குப் போனால் முதலில் அவாவைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். நிலையத்து ஆட்கள் கூடப் போனால் வானைத் தேடுவார்கள்.

இதையெல்லாம் அம்மா வாசலில் நின்று, எனக்குச் சைக்கிளைத் தள்ளித் தந்தபடி சொன்னா.

கதிர்காமநாதன் அண்ணை சிரித்தார். "என்ன பிள்ளை, குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறியோ?" என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்தார். சுற்றி வைத்திருந்த சுருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கச்சான் மேசை முழுக்க உருண்டது. சுகந்தி ரீச்சரின் அளவு இருந்தது. அன்னபாக்கியம் மாமியின் இடுப்பு இருந்தது. தர்மிளா அக்கா இல்லை. யார் கையில், எந்த பஸ்ஸில், எந்த யன்னலால் எறிபட்டாவோ.

வெறுங்கையோடு திரும்பினேன். அம்மா தொலைபேசியில்: "வெள்ளை வான், நாகேஸ்... எண்பத்திமூண்டோ, முப்பத்தெட்டோ... ஐயோ, பின்னுக்கு என்னவோ..."

எண்பத்திமூன்று. பனைமரம்.

இந்த நாட்குறிப்பு தலையணைக்குக் கீழே இருந்தது. என் பெருமையை நானே எழுதி வைத்திருந்தேன். "அம்மா! எண்பத்திமூண்டு, பூச்சியம் ஆறு!"

மறுமுனையில் நாகேஸ்வரி அக்கா ஒரு தடவை திருப்பிச் சொன்னா. "சரி. இனி லைனை வையுங்கோ."

பிறகு காத்திருந்தோம். அம்மா ஒரு துணியை எடுத்து மடித்தா, பிரித்தா, மடித்தா. என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

ஐந்தே முக்காலுக்குப் பொலிசார் புளியங்குளம் சந்தியில் வானை மறித்தார்கள். தர்மிளா அக்கா உள்ளேதான். வான்காரன் தொலைபேசியைப் பறித்துவிட்டு அடித்திருக்கிறான். இடது கை முறிந்திருக்கிறது. உயிரோடு இருக்கிறா. உயிரோடு இருக்கிறா.

இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்? நான் அழகாக எழுதாமல் இருந்திருந்தால், எவ்வளவு முந்தியிருக்கும்?

24 ஏப்ரல், வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாகேஸ்வரி அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, வழக்குக் கடதாசிகளோடு இருந்தா. நான் மன்னிப்புக் கேட்கப் பாடமாக்கிக்கொண்டு போன வசனம் வரவில்லை. அழுதுவிட்டேன்.

தர்மிளா அக்கா மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினா. "இப்ப அளந்து பார் பிள்ளை. எண்பத்திமூண்டு வரும்."

அவாவின் முகத்தைப் பார்த்தேன். பார்க்க முடிந்தது.

2 மே

அன்னபாக்கியம் மாமி மறுபடி வந்து, "கேள்விப்பட்டனியே?" என்று தொடங்கினா. "உங்கட இடுப்பு ரெண்டு அங்குலம் கூடிட்டுது மாமி" என்றேன். அம்மா திரும்பி நின்று சிரித்தா.

12 யூன், வியாழன்

மாவுக்கட்டு கழன்று இரண்டு கிழமை. காலையில் தர்மிளா அக்கா வந்தா. ஏன் மறுபடியும் போகிறா என்று என் வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவாவின் மகளுக்கு இந்த வருசம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனை, ரியூசன் காசு கட்ட வேண்டும்.

அம்மா எழுதிய பின் கொப்பியை என்னிடம் நீட்டினா. "உன்ர டயறியிலயும் எழுதி வை. திருத்தாத."

கை 52. கழுத்து இறக்கம் 19.

2.50. மெசின் நின்றுவிட்டது.

3.00.

3.04. தொலைபேசி அடித்தது. அம்மாவின் வாயில் குண்டூசி. நான் எடுத்தேன். "சட்டை அளவாய் இருக்கு" என்றா தர்மிளா அக்கா.

அம்மா மிதிக்கிறா.