குன்னூர் வரைக்கும் இரண்டு சீட்டு

அக்கா,

மார்கழிப் பனி இறங்கிவிட்டது என்று இன்று பரணிலிருந்து கம்பளியை எடுத்தேன். உதறியதும் ஆட்டு வாடை மூக்கில் ஏறியது. இரண்டு வருஷமாகியும் போகவில்லை. நம் கிடா குட்டியாக இருந்தபோது இதன்மேல்தான் படுக்கும். நான் விரட்டினால் நீங்கள் விடமாட்டீர்கள். "படுக்கட்டும் வுடு புள்ள. அதோட காசுலதான நாம ரயிலு ஏறப்போறோம்" என்பீர்கள்.

மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. உங்களுக்கு வந்த கடிதத்தையெல்லாம் நான்தான் படித்துக் காட்டினேன். இதையும் எழுதி முடித்து ஒரு தடவை வாய்விட்டுப் படிப்பேன்.

உங்கள் தம்பி குன்னூர்த் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதியதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். மலை ரயிலுக்கு இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த இரும்பு போட்டிருக்கிறதாம். எஞ்சின் அதைக் கவ்விக்கொண்டு வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுகிறதாம். நான் படிக்கப் படிக்க, நீங்கள் கேழ்வரகு புடைப்பதை நிறுத்திவிட்டீர்கள். "பின்னாலருந்தா? மாடு பின்னால நின்னு வண்டிய முட்டுற மாதிரியா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் போன பிறகு, கொழுந்தன் வீடென்று பதினோரு வருஷம் எங்களோடு இருந்தீர்கள். பண்ணையில் களையெடுப்பதும், வந்து களி கிண்டுவதும் தவிர நமக்கு வேறு என்ன இருந்தது? நீங்கள் ஒன்றுக்கு ஆசைப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு களைக்கொத்தைப் பிடித்தால் நமக்கு இதே பேச்சுதான். சேலம் வரை பஸ். அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயில். புளிச்சோறும் வறுத்த கடலையும் கட்டிக்கொண்டால் வழியில் கடைப் பக்கமே திரும்ப வேண்டாம். தங்குவதற்குத் தோட்டத்தில் தம்பிக்குக் கொடுத்த லயன் வீடு. ஊட்டி வரைக்கும் போகலாம் என்று நான்தான் சொன்னேன். "பல்லு வெச்ச தண்டவாளம் குன்னூரோட முடிஞ்சிடுதாமே. அதுக்கு மேல எதுக்குக் காசு குடுக்கணும்?" என்றீர்கள். இறங்கும்போது பஸ் போதும் என்பதும் உங்கள் யோசனைதான். குளிருக்கு இந்த ஒரே கம்பளி, ஆளுக்குப் பாதி. தம்பி எழுதியபடி முப்பத்தைந்து ரூபாய் கையில் இருந்தால் இருவரும் போய் வந்துவிடலாம். பண்ணை வீட்டு ஆட்டை வாரத்துக்கு வளர்த்தோமே, முதல் குட்டி அவர்களுக்குப் போய் இரண்டாவது குட்டி நமக்கு வந்தது. அதுதான் ரயில் குட்டி.

எனக்குத்தான் பயம். கோயிலுக்கு என்றால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். வேடிக்கை பார்க்க இரண்டு பொம்பளைகள், அதில் ஒருத்தி தாலியறுத்தவள், ஆண்துணை இல்லாமல் மலைக்குப் போனால் ஊர் என்ன பேசும்? கோயிலுக்கென்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "சாமி பேரச் சொல்லி என்னாத்துக்குப் பொய்யி? எங்கொழுந்தன்கிட்ட நீயே ஒரு வார்த்த கேளு" என்றீர்கள். கேட்கிறேன் என்றேன். கேட்கவே இல்லை.

குந்தாரப்பள்ளிச் சந்தைக்குக் கிடாவை ஓட்டிக்கொண்டு போனோம். ஆனேக்கல் பக்கத்து வியாபாரி ஒருவர் அதன் முதுகை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் விலை சொன்னார். உங்களுக்குக் கன்னடம் தெரியாது. நான் ஓசூரில் பிறந்தவள், எனக்குத் தெரியும். முப்பத்தெட்டு ரூபாய் தருகிறேன், இப்போதே தருகிறேன் என்றார்.

"என்னா சொல்றாரு புள்ள?" என்று கேட்டீர்கள்.

"இருவத்திரண்டுக்கு மேல தரமாட்டாராம் அக்கா. ஆடி வரட்டும், மாரியம்மன் பண்டிகைக்கு வெல ஏறும்."

அவரிடம் கன்னடத்தில், இன்றைக்குக் கொடுப்பதாக இல்லை என்றேன். நீங்கள் கிடாவின் கழுத்தைத் தடவிக்கொடுத்தீர்கள். "சரி, அதுவும் இன்னும் நாலு தழ தின்னட்டும்" என்றீர்கள். திரும்பி நடக்கும்போது உங்கள் முகத்தில் வருத்தமே இல்லை. என் பேச்சை அப்படியே நம்பினீர்கள்.

ஆடி வருவதற்கு முன்பே உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் ஆறு நாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். நீங்கள் கண்ணைத் திறந்து, "கிடாவுக்குத் தழ போட்டாங்களா?" என்று கேட்டீர்கள். போட்டாயிற்று என்றேன். அதோடு சரி.

உங்கள் காரியத்தன்று பங்காளிகளுக்குக் கறி ஆக்க அந்தக் கிடாவைத்தான் அறுத்தார்கள். வேறு ஆடு ஏது நம்மிடம்? நான் அடுப்புப் பக்கமே போகவில்லை. என் வீட்டுக்காரர் தேடிக்கொண்டு வந்து கொட்டகையில் என் பக்கத்தில் குந்தினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"அண்ணி ரயிலு ரயிலுன்னுக்கினே இருந்தாங்களே. ரெண்டு பேரும் போயிட்டு வந்திருக்கலாம்ல? நானா வேணாம்னு சொல்லப்போறேன்?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். என்னால் அழக்கூட முடியவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், அக்கா. ஊருக்குப் பயந்தேன், அவருக்குப் பயந்தேன், அந்தப் பயத்தைக் கிடாவின் விலைமேல் போட்டு உங்களை ஏமாற்றினேன்.

தம்பி இந்த வருஷமும் எழுதினார், நான் மட்டுமாவது வரவேண்டுமாம். இன்னும் பதில் போடவில்லை.

இப்போதும் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகிறேன். கன்னடம் தெரியாத பொம்பளைகள், அந்த ஆள் என்ன கேட்கிறான் என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். கேட்ட விலையை அப்படியே சொல்கிறேன், ஒரு ரூபாய் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. அவர்கள் ஆட்டைக் கொடுத்துவிட்டுக் காசை முந்தானையில் முடிந்துகொண்டு போன பிறகும் அந்தத் தொகையை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடக்கிறேன். வீடு வந்து சேர்வதற்குள் அது எப்படியோ முப்பத்தெட்டு ஆகிவிடுகிறது.