எத்தனை ஃபிரேம் போதும்

இன்று மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது அந்தக் கறுப்பு ஃபிலிம் ரோல் டப்பா கிடைத்தது. அன்று நீ பிளேடால் அதன் அடிப்பாகத்தை அறுத்து, வெப்கேமராவின் முகத்தில் ஒட்டினாய். தொலைநோக்கியில் கண் வைக்கும் குழாய்க்கு அது அளவெடுத்ததுபோல் பொருந்தியது. பசை இன்னும் விடவில்லை.

கும்மிடிப்பூண்டி உருக்காலையில் நம் இருவருக்கும் ஒரே ஷிப்டு. நீ எலெக்ட்ரிகல், நான் லேப். சேர்ந்து வாங்கிய தொலைநோக்கி ஆரம்பாக்கத்தில் உன் வீட்டு மொட்டை மாடியில் நின்றது. சனியின் வளையத்துக்குள் ஓடும் கறுப்புக் கோட்டை முதலில் பார்த்தவன் நீ. நான் நம்பவில்லை. வெகுநேரம் கண்ணை வைத்து நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த ஆண்டு, ஆலையில் தெறித்த இரும்புத் துணுக்கில் உன் வலது கண் போயிற்று. இடது கண்ணும் மங்கத் தொடங்கியது. அதற்குச் சென்னையில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். பார்வை தேறும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. அந்த வாரம் நீ கேட்டது ஒன்றுதான்.

"அந்தக் கோட்ட இன்னொரு தபா பாக்கணும்பா. கொழாயில தெரியல. படமா புடிச்சிக் குடு."

மாசி மாதம். பொழுது சாய்ந்ததுமே சனி உயரத்தில் இருந்தது. வீடியோ எடுத்தோம். காற்றின் அலைச்சலில் கோள், தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசுபோலத் திரையில் நெளிந்தது. டீ கொண்டுவந்த உன் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அல்லாரும் சனி வுட்டாப் போதும்னு கோயிலுக்குப் போறாங்கோ. நீங்க ஊட்டுக்குக் கூட்டிக்கினு வரீங்கோ."

வீடியோவில் ஆயிரத்துச் சொச்சம் ஃபிரேம், ஒவ்வொன்றும் ஒரு தனிப் படம். மென்பொருள் அவற்றைத் தெளிவின் வரிசையில் நிறுத்தித் தந்தது. எத்தனையை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ப்பது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். நான் எல்லாவற்றையும் சேர்த்தேன். வழவழப்பாக வந்தது, அழகான படம். நீ மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்தாய்.

"இன்னாபா, வெண்ண தடவுனா மாதிரி கீது. கோடு எங்க?"

"நல்லாத்தான கீது?"

"நல்லா கீது. கோடு இல்ல."

காற்று குலைத்த ஃபிரேம்கள் நல்லவற்றையும் கலக்கியிருந்தன. முதல் ஐம்பதை மட்டும் சேர்த்தேன். கோடு வந்தது, ஆனால் படம் முழுக்க ரவை கொட்டியதுபோல் புள்ளிகள். எனக்குப் பிடிக்கவில்லை. உனக்குப் புள்ளிகள் ஒரு பொருட்டாக இல்லை. கோடு அங்கங்கே அறுந்திருந்ததுதான் உறுத்தியது. "கொஞ்சம் ஏத்து" என்றாய். நூறு. இருநூறு. ஒவ்வொரு முறையும் கணினி முடிக்கும்வரை காத்திருந்தோம். நானூற்றில் கோடு கரைந்தது. இறங்கினோம். முந்நூற்றுக்கு அருகில் என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"நிறுத்து. இதான். ரெண்டு பக்கமும் தெரிது."

என் கண்ணுக்கு அது இன்னும் கரடுமுரடாகவே இருந்தது. மாற்றவில்லை. நீ மனைவியைக் கூப்பிட்டுக் கோட்டைத் தொட்டுக் காட்டினாய். விரல் சரியான இடத்தில்தான் நின்றது.

அறுவை சிகிச்சை பாதிதான் பலித்தது. வெளிச்சம் தெரிந்தது, ஆள் நிற்பது தெரிந்தது. அந்தப் பார்வையோடு சில ஆண்டுகள் உன் மனைவி வைத்த மளிகைக் கடையில் உட்கார்ந்திருந்தாய். குரலை வைத்தே வந்தவரைப் பேர் சொல்லி அழைத்தாய். பிறகு ஒரு நாள் மாரடைப்பில் போய்விட்டாய்.

இப்போதைய கேமரா சில நிமிடங்களில் பல்லாயிரம் ஃபிரேம் எடுத்துவிடுகிறது. எவ்வளவு சேர்க்கலாம் என்று புதிதாகப் படம் எடுப்பவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். காற்றைப் பற்றியும் புள்ளிகளைப் பற்றியும் சொல்கிறேன். அதற்கு முன், யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்கிறேன். பலருக்கு அந்தக் கேள்வி புரிவதில்லை. நான் விளக்குவதும் இல்லை.