வெறும் கோது

கூசேன்வில்
06.10.2024

அப்பாவுக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்க எனக்கு இன்று பொறுமை இல்லை. வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். போனில் கேட்டதற்கு, "உந்தக் கதை போனிலை வேண்டாம், ஆரும் கேட்டுக்கொண்டிருப்பாங்கள்" என்று வைத்துவிட்டீர்கள். ஒருவரும் கேட்கவில்லை, அப்பா. எங்கள் வீட்டுக் கதையைக் கேட்க இந்தப் பிரான்சில் ஒருவருக்கும் நேரமில்லை. சரி, கடிதமே எழுதுகிறேன்.

என் அறையில் இடமில்லாமல் உங்கள் கடையின் நிலவறையில் நான் வைத்த மரப்பெட்டி எங்கே? கால்வாயில் போட்டுவிட்டீர்கள் என்று அம்மா சொல்கிறா. உண்மையா?

நீங்கள் திறந்து பார்த்தவை துப்பாக்கி ரவைகள் அல்ல, கோதுகள். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகள். வெடிமருந்து இல்லை, முனையில் பாயும் சன்னம் இல்லை, அடியில் பற்றவைக்கும் மூடியும் இல்லை. அவற்றோடு ஒரு கைப்பிடி இயந்திரமும் ஒரு சின்னத் தராசும் இருந்தன. உங்கள் மிளகாய்த்தூள் மூட்டைதான் அந்த அறையில் அதைவிட ஆபத்தான சாமான்.

போன வருடம் வேட்டை அனுமதிப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினேன். காட்டுப்பன்றிக்குப் போகிறேன். உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் இப்படித்தான் ஏதாவது நடக்கும் என்று தெரியும். என் துவக்கு பழையது. அதற்கேற்ற ரவை கடைகளில் லேசில் கிடைக்காது. அதனால் நானே நிரப்பப் பழகுகிறேன். கோதைக் கழுவி, எரிந்த மூடியைத் தட்டி எடுத்து, வெடித்தபோது விரிந்ததை இயந்திரத்தில் அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு புது மூடி, தராசில் நிறுத்த மருந்து, சன்னம். புத்தகத்தில் உள்ள குறைந்த அளவில்தான் தொடங்க வேண்டும். நடுவில் ஒருவர் பேச்சுக் கொடுத்தால் அதுவரை போட்ட மருந்து முழுவதையும் திரும்பக் கொட்டிவிட்டு முதலிலிருந்து. விமானத்தில் நான் முடுக்கும் ஆணிக்கும் இவ்வளவு கவனம்தான். மருந்தைக் கடைக்குக் கொண்டுவரவே இல்லை. அது என் சிநேகிதன் நிக்கோலாவின் வீட்டில் பூட்டிக் கிடக்கிறது.

என் வயிறு எரிவது இதற்குத்தான்: அந்த இயந்திரம் என்னுடையது இல்லை. நிக்கோலா என்னோடு ரொய்சி விமான நிலையத்தில் வேலை செய்பவன். செத்துப்போன அவனுடைய அப்பாவின் இயந்திரம் அது. என்னை நம்பித் தந்தவன். இப்போது அவனிடம் நான் என்ன சொல்ல?

பதில் எழுதுங்கள்.

செபஸ்டியன்


லா சப்பல்
11.10.2024

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் நோ குறையவில்லை. கடையில் யாவாரம் பரவாயில்லை. நீ சாப்பிட்டாயா இல்லையா என்று உன் கோபத்திலிருந்து தெரியவில்லை என்கிறா அம்மா.

ஓம், போட்டேன். கடை திறக்க முன்னம் மரக்கறி வண்டிலில் பெட்டியை ஏற்றி, மேலே கீரைப்பெட்டியை வைத்து மூடித் தள்ளிக்கொண்டு போனேன். வழியில் பக்கத்துக் கடைக் கௌரி அக்கா கண்டு, "என்ன அல்பிரட் அண்ணை, வீடு வீடாய்க் கீரை விக்கத் தொடங்கியிட்டியளோ?" என்று சிரித்தா. நானும் சிரித்தேன். சட்டை மட்டும் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கோது வேறு ரவை வேறு என்று நீ எனக்குப் படிப்பிக்க வேண்டாம். எனக்குத் தெரியும்.

உன் பெரியப்பாவின் படத்துக்கு ஏன் விளக்குப் போடுகிறோம் என்று நீ சின்னனில் கேட்டாய். கடலில் போனவர் என்று சொன்னேன். அவர் கடலில் போகவில்லை. ஊரில், சண்டைக் காலத்தில், குருநகரில் ஆமியின் ஒரு சுற்றிவளைப்பு. கரையில் பொறுக்கிய ஒரு கோதை, வலையைத் தாழ்த்தும் ஈயக் குண்டு போதாமல், அண்ணை வலையின் அடிக்கயிற்றில் கோத்திருந்தார். வலையை உதறிப் பார்த்தவன் அதைக் கண்டான். அண்ணை சொன்னார், "ஐயா, அது வெறும் கோது." அவன் கேட்டான், "வெறும் கோதெண்டால், உள்ளுக்கை இருந்தது எங்கை?"

அதற்கு யாரிடம் பதில் இருக்கிறது, மகன்? அண்ணையை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான்.

நீ பெட்டி நிறையக் கொண்டுவந்து என் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறாய்.

அந்தப் பிள்ளையின் தகப்பனின் சாமான் என்று எனக்குத் தெரியாது. அது மனதில் குத்துகிறது. ஆனாலும் சொல்கிறேன், துவக்கை விடு. அதை விடும்வரை இந்த வாசலுக்கு வராதே.

அப்பா


கூசேன்வில்
20.10.2024

அப்பா,

கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பெரியப்பாவின் கதையை முதலே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பெட்டியை அங்கே வைத்திருக்கவே மாட்டேன். கடல் என்று சொல்லிவைத்தால் எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குப் பயம் வந்தது பிழை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் பயப்படுவது அங்கே நின்றவனுக்கு. அவன் இங்கே இல்லை. போன மாசம் வேட்டை முடிந்து வரும்போது ரோட்டில் ஜாந்தாம் பொலிஸ்காரர் மறித்தார்கள். துவக்கைப் பார்த்தார்கள், அனுமதியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவன், பன்றி எவ்வளவு பெரிசு என்று கேட்டான். கையை விரித்துக் காட்டினேன். பொய் சொல்கிறேன் என்று சிரித்தான். எனக்கு இந்த நாடு அதுதான்.

நிக்கோலாவிடம் எல்லாம் சொன்னேன். அவன் கத்தவில்லை. தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனான். கத்தியிருந்தால் நல்லது. அடுத்த நாள் வந்து, கயிற்றில் பெரிய காந்தம் கட்டித் தேடிப் பார்ப்போம் என்றான். பித்தளை ஒட்டாது. இயந்திரம் வார்ப்பிரும்பு, ஒட்டும். ஆனால் இடம் தெரிய வேண்டும். சனிக்கிழமை காலை அவன் வருவான். எனக்கு அன்றைக்கு வேலை. நீங்கள் வந்து இடத்தைக் காட்டினால் போதும். வேறொன்றும் பேச வேண்டாம்.

துவக்கை விடமாட்டேன். ஒளித்துச் செய்யவும் இனி மாட்டேன், களைத்துப்போனேன். உங்கள் கடைக்குள்ளோ வீட்டுக்குள்ளோ ஒரு கோதுகூட வராது. அப்படியும் நான் வரக்கூடாது என்றால், சரி, வரவில்லை. நத்தார்ப் பெருநாளுக்கும் வரவில்லை. அதை அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்.

செபஸ்டியன்


லா சப்பல்
27.10.2024

அன்பு மகனுக்கு,

நேற்றுப் போனேன். கடையை அம்மா பார்த்துக்கொண்டா.

நிக்கோலா நல்ல உயரமான பிள்ளை. எனக்குக் கை தந்தான். நான் மன்னிப்புக் கேட்கப் பாடமாக்கிக்கொண்டு போன பிரெஞ்சு முழுவதும் மறந்துபோயிற்று. இடத்தைக் காட்டினேன். காந்தத்தை எறிந்து எறிந்து இழுத்தான். ஒரு சைக்கிள் வந்தது, ஒரு இரும்புக் கதிரை வந்தது, சட்டி வந்தது. இயந்திரம் வரவில்லை. சேறு ஆழம் என்று சொன்னான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தண்ணீரைப் பார்த்துச் சொன்னான்.

அந்த நேரம் இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள், ஒரு ஆணும் ஒரு பெண்ணும். காந்தம் போட அனுமதி வேண்டுமாம். எதைத் தேடுகிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். வீட்டுக்கு ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நிக்கோலா வாயைத் திறக்க முன்னம், ஏனென்று தெரியாது, அவனுக்கு முன்னால் போய் நின்றேன். "என்ரை வேலை. நான்தான் போட்டனான்" என்றேன். ரவை நிரப்புகிற இயந்திரம் என்றேன். மகன் வேட்டைக்குப் போகிறவன் என்றேன். பெட்டிக்குள் வேறு என்ன இருந்தது என்று கேட்டாள். வெறும் கோது என்றேன்.

அடுத்த கேள்விக்காகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கேட்கவில்லை. என் அடையாள அட்டையைப் பார்த்துத் திருப்பித் தந்தாள். கால்வாய் குப்பைத்தொட்டி இல்லை, கயிற்றைச் சுற்றிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். போய்விட்டார்கள், மகன். திரும்பி வருவார்கள் என்று நான் கனநேரம் அங்கேயே நின்றேன்.

நிக்கோலா என்னைப் பிடித்துக் கரையில் இருந்த வாங்கில் இருத்தினான். ஏன் போட்டீர்கள் என்று அப்போதுதான் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அண்ணையின் கதையைச் சொன்னேன். பாதி கையால்தான் சொன்னேன். தன் அப்பாவும் அந்த இயந்திரத்தை ஒருவரையும் தொட விடமாட்டாராம், தான் கேட்காமல் ஒருநாள் தொட்டு அடி வாங்கினதாகச் சொன்னான். அந்த இயந்திரம் இனி வராது. புதிசு வாங்கித் தருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதுவும் இதுவும் ஒன்றா?

எனக்குப் பயம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் பொய். உன் துவக்கை நான் பார்க்க மாட்டேன், அதைப் பற்றிக் கேட்கவும் மாட்டேன். நீ வா. நத்தார்வரை ஏன் இழுப்பான், வாற ஞாயிறே வா. அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. உறைப்புத் தின்பானோ என்று அம்மா கேட்கிறா.

எழும்ப முன்னம் நிக்கோலா அண்ணையின் பெயரைக் கேட்டான். ஞானப்பிரகாசம் என்றேன். சொல்லிப் பார்த்தான், வரவில்லை. திரும்பவும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். அதுவும் சரியில்லை. நான் திருத்தவில்லை. இந்த ஊருக்கு வந்த நாள் தொட்டு, அந்தப் பெயரை எங்கள் வீட்டுக்கு வெளியே ஒருவன் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்பா