தெருவில்லாத தீவில் ஒரு கார்

மார்க்கஸின் அப்பாவுக்கு,

மகன் இறந்த பிறகு, கலங்கரை விளக்கத் தீவில் காவல் வேலை தேடிக்கொண்டு என்னை விட்டுப் போனீர்கள். போங்கள். ஆனால் அவனுடைய காரையும் என்னிடம் கேட்காமல் படகில் ஏற்றிக்கொண்டு போக உங்களுக்கு என்ன உரிமை?

தெருவே இல்லாத பாறையில் கார் எதற்கு என்று இங்கே புருசெத் ஊரில் எல்லாரும் என்னையே கேட்கிறார்கள். "அவருக்கு விசர் பிடிச்சிட்டுது" என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை நான் அங்கே வந்தபோது, கண்ணாடிகளை மூடிக்கொண்டு காருக்குள் இருந்தீர்கள். நான் கதவில் கை வைத்ததும் கத்தினீர்கள்: "திறக்காதை! அவன்ரை மணம் போயிடும்."

திறக்காமல் திரும்பினேன். உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அடுத்த சனியும் வருவேன். கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டு, உடனே சாத்துங்கள்.

அவனைப் பெற்றவள்