பெடல் அடிக்காமல் எடுத்த வண்டி

பிரேக் ஆயில் டப்பாவை இன்றைக்குத் திறந்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் என் இடது கால் தானாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. உன் பழைய பியட் கார்தான் வந்து நிற்கிறது, ஆண்டாப் ஹில்லில், நாம் பங்காளிகளாக நடத்திய அதே பட்டறையில். உன் மகள் ஓட்டப் போகிறாளாம், பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கிறதாம், மிதி லேசாக பூஸ்டர் வைத்துக் கொடுக்கச் சொல்லி மதினி அனுப்பியிருக்கிறார். நீ செத்து வருஷம் திரும்பவில்லை. அதற்குள் உன் வண்டிக்கு அடியில் என்னைப் படுக்க வைத்துவிட்டாய், பார்த்தாயா?

உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். வரமாட்டேன் என்கிறது.

துருப்பிடித்த கூடாக இதை நீ இழுத்து வந்தபோது தெருவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பழைய டிரம் பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு முன்சக்கரங்களுக்கு டிஸ்க் மாட்டினோம். கொட்டுகிற மழையில் சயான் பக்கம் ஓட்டிப் பார்த்து, "தொட்டா நிக்குலே!" என்று கத்தினாய். அன்றைக்கு உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வண்டிக்குப் பூஜை போட்ட அன்று காலையில் உனக்கு அழகு வெறி பிடித்தது. சக்கர இடுக்கில், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் சிவப்பாகத் தெரிய வேண்டுமென்று கழற்றிப் பெயின்ட் அடித்து மறுபடி மாட்டினாய். அப்படி மாட்டினால் பெடலை நாலைந்து தடவை மிதித்த பிறகுதான் பிரேக் பிடிக்கும். முதல் மிதி சும்மா உள்ளே போய்விடும். உனக்குத் தெரியாததா? "பெடல் அடிச்சுப் பாத்துருலே" என்று நானும் சொன்னேன். "பொட்டு வெச்சாச்சு. ராகுகாலம் முடியாம ஒருத்தனும் உள்ள உக்காரப்படாது" என்று கதவைச் சாத்தினாய். முடிந்ததும் அடிப்பாய் என்று நம்பினேன்.

கிழக்கே பார்த்துதான் நிற்கணும் என்று வண்டியை எதிர்க்கடைச் சுவரைப் பார்க்க நிறுத்தியிருந்தாய். எலுமிச்சம்பழத்தில் ஏற்றி ஓரடி நகர்த்தி நிறுத்துவாய், முன்னால் நின்று நான் பூசணிக்காய் உடைப்பேன். அதுதான் ஏற்பாடு. ராகுகாலம் முடிந்ததும் சாமி கும்பிட்டு, ஏறி, பெடல் அடிக்காமலே கியரைப் போட்டு நேராக எடுத்துவிட்டாய். பழம் நசுங்கியது. வண்டி நிற்கவில்லை. சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் என் கால்.

நீ இறங்கி முதலில் பம்பரைப் பார்த்தாய். அப்புறம்தான் என்னை. "விலகத் தெரியாதாலே ஒனக்கு?"

ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்தார்கள். எனக்கென்று மூசம்பிப் பழம் வாங்கி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து நீயே உரித்துத் தின்றாய். அப்புறம் மாட்டுங்கா டீக்கடையில் வருஷக்கணக்காக அதே கதை: "எலுமிச்சம்பழம் நசுங்கும்னு பாத்தா, இந்தப் பய நசுங்கிட்டான்!" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். பங்காளி ஆயிற்றே, என்ன செய்ய?

உனக்கு முடியாமல் போன பிறகு உன் கட்டிலருகே வந்து உட்கார்ந்தேன். உன்னைப் பார்க்க மட்டும் வரவில்லை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். கடைசியில் ஒரு நாள் கையசைத்துக் கூப்பிட்டாய். காதைக் கொண்டுபோய் உன் வாயருகே வைத்தேன். "பெடல் ரொம்ப கனமா இருக்குலே. பாத்து வையி" என்றாய். அவ்வளவுதான்.

நேற்று சாவி வாங்கத் தாராவியில் உன் வீட்டுக்குப் போனேன். மதினி என் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார். "தம்பி, அவுக ஒங்ககிட்ட ஒரு நாளாவது மன்னிச்சிருன்னு சொன்னாகளா?"

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகம் அதைத்தான் கேட்டது. "இல்ல மதினி. சாகப்போறப்பகூட வண்டியைத்தான் நினைச்சான்" என்றேன். வலிக்கட்டும் என்றேதான் சொன்னேன். உன்னை அடிக்க முடியாதே.

அவர் அழவில்லை. "எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்காகளா என்ன?" என்று டீ போட எழுந்து போனார்.

உன் மேல் இருப்பது கோபம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். கோபமென்றால் ஆறியிருக்கும். நான் இன்னும் காத்துக்கொண்டு இருக்கிறேன். என் கண் முன்னால் எரிந்த ஆள் வந்து சொல்வான் என்று காத்திருக்கிறேன். சொல்லித் தொலைச்சிருக்கப்படாதாலே, பாவி.