கேமராவின் ஆறாவது வரி

என் ஸ்டுடியோக்காரிக்கு,

நான் நலம். நீயும் அத்தையும் நலமா? உன் முழங்கை வலி குறைந்ததா? பதினோரு நாளாக நீ போனை எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்குக் கேமரா வாங்கிய கடைக்கு நேற்றுப் போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

“இது இந்த நாட்டுல விக்கிறதுக்குன்னே செஞ்சதுங்க. வேற மொழி வராது. வாங்கும்போது பாக்கலையா?”

பார்த்தேன். லென்ஸைப் பார்த்தேன், பத்துப் படம் எடுத்தும் பார்த்தேன். நான்கு வருடமாகக் கிடங்கு வேலையில் இந்த நாட்டு எழுத்தையே படித்துப் பழகியதில், மெனு முழுக்க உனக்குத் தெரியாத மொழியில் இருப்பது எனக்கு உறைக்கவே இல்லை.

“நம்ம ஊர் டீலர்கிட்டயே வாங்கிக்கிறேங்க, ஏதாச்சும்னா ஓடிப்போய்க் கேக்கலாம்” என்று நீ தலைபாடாக அடித்துக்கொண்டாய். இங்கே மலிவு என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ‘எல்லாப் படத்தையும் அழிக்கவா?’ என்று கேமரா கேட்டது புரியாமல் நீ ‘சரி’யை அழுத்த, ஒரு கல்யாணமே போய்விட்டது. பெண்ணின் அப்பா ஸ்டுடியோ வாசலில் நின்று அழுதாராமே; உன் தம்பிதான் சொன்னான். நீ என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அந்தக் கேமராவை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு டீலரிடமே வேறு வாங்கிக்கொள். அதுவரைக்கும், இத்துடன் உள்ள தாளில் மெனுவை வரி வரியாக வரைந்து, பக்கத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன். அழிக்கும் வரிக்குச் சிவப்பு மை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. ஆறாவது வரியை மட்டும் வேண்டுமென்றே எழுதாமல் விட்டிருக்கிறேன். ஆபத்தில்லாத வரிதான். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவாவது போன் பண்ணு.