இடுப்புக்குக் கீழே ஒரு போட்டோ

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலத்தைப் பத்திரப்படுத்தாமல் தேய்த்துக்கொள்.

நான் குடியிருக்கும் கீழ் அறையை வீட்டுக்காரர் கடையாக்கப் போகிறார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். பயப்படாதே, தையல் மெஷினைத் தவிர என்னிடம் என்ன சாமான் இருக்கிறது? கிடைக்கிற அறைகளெல்லாம் மூன்றாவது மாடியில்தான். என்னைப் போன்றவர்களுக்குக் கீழ்வீடு ஒதுக்கும் அலுவலகத்துக்குப் போனேன். அதுவும் மாடியில் இருக்கிறது, சிரிக்காதே.

நீ பழக்கிய மாதிரியே இஸ்திரி போட்ட உடுப்பில், காலிலிருக்கும் இரும்புப் பட்டை தெரியாமல், பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்து போனேன். அதிகாரி ஏற இறங்கப் பார்த்தார்.

"படியேறி வந்துட்டீங்க, நல்லாத்தானே நடக்கிறீங்க?" என்று மனுவின் குறுக்கே கோடு போட்டுத் தள்ளிவிட்டார்.

துணியை விலக்கிக் காட்டியிருக்கலாம். கை வரவில்லை, அம்மா.

மறுபடி மனுப் போட வேண்டுமானால், சின்ன வயதிலிருந்தே கால் இப்படித்தான் என்பதற்கு ஆதாரம் வேண்டுமாம். ஆஸ்பத்திரிச் சீட்டையெல்லாம் எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நீ கிழித்துப் போட்டாய். பீரோவில் போட்டோக்கள் இருக்கும். எல்லாவற்றையும் இடுப்புக்கு மேலேதான் எடுக்கச் சொல்வாய். தவறிப்போய் ஒன்றிலாவது என் கால் விழுந்திருக்கிறதா, பார்.

தையல்கடை முதலாளி கூப்பிடுகிறார். போட்டோ கிடைக்காவிட்டால் இல்லை என்று எழுதாதே. தேடிக்கொண்டிருக்கிறேன் என்று எழுது.

உன் மகள்